கம்ப்யூட்டர் சர்வீஸ் கத்துக்கணுமா? ராயபுரம் முதல் எண்ணூர் வரை... சான்றிதழ் பெற்ற ஹார்டுவேர் டெக்னீஷியன் ஆவது எப்படி?

பத்தாவது அல்லது பன்னிரண்டாவது முடித்த கையோடு, "ஒரு கைத்தொழில் இருந்தா போதும்" என்று நினைக்கும் வடசென்னை இளைஞர்களுக்கு முன்னால் இன்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கம்ப்யூட்டர் ஹார்டுவேர் சர்வீஸ். ஆனால், இந்தத் தொழிலுக்குள் நுழையும்போதே பலரும் ஒரு இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். எந்தச் சான்றிதழ் உண்மையிலேயே செல்லும், எது வெறும் காகிதம் என்பது தெரியாமல் வீட்டில் இருந்த நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம், இலவசமாகப் படிக்க வழி உண்டா, வடசென்னையில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லாரும் செல்போனுக்கு மாறிட்டாங்களே, இன்னும் இதுக்கு வேலை இருக்கா?

இருக்கிறது. அதுவும் வடசென்னையில் கூடுதலாகவே இருக்கிறது.

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், திருவொற்றியூர் - மணலி பக்கம் இருக்கும் கன்டெய்னர் யார்டுகள், அவற்றை நம்பி இயங்கும் சுங்க ஏஜென்ட் அலுவலகங்கள், லாரி புக்கிங் ஆபீஸ்கள் என எல்லா இடத்திலும் மேஜைக் கம்ப்யூட்டர்தான் வேலை செய்கிறது. ஒரு எடைமேடையில் சிஸ்டம் நின்றுவிட்டால், பின்னால் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிடும். அங்கே "நாளைக்கு வரேன்" என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். லேப்டாப் மட்டுமே பார்த்துப் பழகிய பையன்களுக்கு இந்த இடங்களில் இருக்கும் சாமான்கள் புதிதாக இருக்கும். எடைமேடைக் கருவியில் இருந்து கம்ப்யூட்டருக்கு எடை வருவது பெரும்பாலும் பழைய சீரியல் போர்ட் வழியாகத்தான். கார்பன் காப்பியோடு சலான் அடிக்க இன்னமும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான் ஓடுகிறது. இந்த இரண்டையும் கையாளத் தெரிந்தவருக்கு இந்தப் பகுதியில் மவுசு அதிகம்.

வீடுகளிலும் வேலை குறையவில்லை. 2011-ல் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியதில் இருந்து, லட்சக்கணக்கான மாணவர் வீடுகளுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், அடுத்த 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. சாதனம் பெருகினால் ரிப்பேரும் பெருகும்.

இதோடு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள், "இதைத் தூக்கிப் போடணுமா, இல்ல ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். சில மதர்போர்டுகளில் டி.பி.எம் வசதி உள்ளேயே இருக்கும். பயாஸ் செட்டிங்கில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துக் கொடுப்பார். தெரியாதவர் புது மெஷின் வாங்கச் சொல்லிவிடுவார்.

கார்டு லெவல், சிப் லெவல்... என்ன வித்தியாசம்?

சர்வீஸ் தொழிலில் இரண்டு படிகள் உண்டு.

முதலாவது, கார்டு லெவல். எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடித்து, அந்தப் பாகத்தையே மாற்றுவது. ரேம், ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி, எஸ்.எம்.பி.எஸ், மதர்போர்டு, டிஸ்ப்ளே, கீபோர்டு எல்லாம் இதில் வரும். சான்றிதழ் படிப்புகள் பெரும்பாலும் இந்த அளவோடு நிற்கும்.

இரண்டாவது, சிப் லெவல். மதர்போர்டுக்குள் எந்த ஐ.சி போய்விட்டது, எந்த கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று சர்க்யூட் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, ஹாட் ஏர் மெஷின் வைத்து எடுத்து மாற்றுவது. இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படை வேண்டும், கைப்பழக்கம் வேண்டும், பொறுமை ரொம்பவே வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, நேராக சிப் லெவலுக்குப் போவது. மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்க்கத் தெரியாமல் ஹாட் ஏர் பிடித்தால், வந்த கம்ப்ளெய்ன்ட் ஒன்று, திரும்பிப் போகும்போது இரண்டாகிவிடும். முதலில் கார்டு லெவலில் கை நன்றாகப் பழக வேண்டும்.

"சிஸ்டம் ஆன் ஆகல"... படித்தவர் இதை எப்படிப் பார்ப்பார்?

ஹார்டுவேர் வேலையின் உயிரே பழுது கண்டுபிடிக்கும் முறையில்தான் இருக்கிறது. உலக அளவில் அறியப்பட்ட காம்டியா ஏ பிளஸ் பாடத்திட்டம் இதை 6 படிகளாகச் சொல்கிறது. ஆன் ஆகாத ஒரு கம்ப்யூட்டரை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

1. விசாரணை: எப்போதில் இருந்து இப்படி? கரண்ட் போய் வந்ததா? புதிதாக ஏதாவது மாட்டினார்களா? டேட்டாவுக்கு பேக்கப் இருக்கிறதா? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்க வேண்டும்.

2. சந்தேகம்: எளிதானதில் இருந்து தொடங்க வேண்டும். பிளக், பவர் கேபிள், ஸ்பைக் பஸ்டர், எஸ்.எம்.பி.எஸ்-க்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச். எல்லாம் சரி என்றால், சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல்.

3. சோதனை: வழக்கமான ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ல், கரண்ட் வந்தாலே ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் அது ஓடத் தொடங்க வேண்டும். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடக்குறைய, அதாவது 11.4-ல் இருந்து 12.6 வரை இருக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் சந்தேகம் சரி.

4. திட்டம்: என்ன மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

5. சரிபார்ப்பு: ஆன் ஆனதும் மூடிக் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, யு.எஸ்.பி, நெட், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. பதிவு: என்ன பழுது, என்ன மாற்றப்பட்டது, எந்தத் தேதி என்று ஜாப் கார்டில் எழுத வேண்டும். அதே மெஷின் 3 மாதம் கழித்துத் திரும்பி வந்தால் இந்த ஒரு வரி அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

"ரேமைக் கழற்றித் துடைச்சுப் போடு, சரியாயிடும்" என்பது அனுபவத்தில் வந்த குறுக்கு வழி. சில நேரம் பலிக்கும். பலிக்காத நாளில் என்ன செய்வது என்பதைத்தான் இந்த 6 படிகள் சொல்லித் தருகின்றன.

கடற்கரை ஓரம் என்பதால் வரும் சிக்கல்

பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் ஒரு விஷயம், காசிமேடு முதல் எண்ணூர் வரை தினசரிப் பிரச்னை. அது உப்புக்காற்று.

கடல் காற்றில் வரும் உப்புத் துகள்கள் மதர்போர்டில் படிகின்றன. உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அருகருகே இருக்கும் இணைப்புகளுக்கு நடுவே மெல்லிய மின்கசிவு ஏற்படும். செம்பு மெல்ல மெல்ல அரிக்கப்படும். இதோடு லாரிப் புழுதி, சாம்பல் தூசு, ஆலைப் புகையில் இருக்கும் கந்தக வாயுக்கள் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும்.

இதன் அறிகுறி எப்படி இருக்கும்? சிஸ்டம் காலையில் ஆன் ஆகாது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஆன் ஆகும். ரேம் ஸ்லாட், யு.எஸ்.பி போர்ட், கேபிள் முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு தெரியும். இப்படிப்பட்ட பழுதில் பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது. இணைப்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துச் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரத்தில் இருந்து நகர்த்தி வைக்கச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் தூசு தட்டும் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி, இந்தப் பகுதியில் எடுபடுவதற்குக் காரணமும் இதுதான்.

வெள்ளம் வந்தால் இன்னொரு அத்தியாயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி நனைந்த கம்ப்யூட்டரை "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் பெரிய தவறு. ஈரத்தில் கரண்ட் பாய்ந்தால், காப்பாற்றக் கூடிய போர்டும் போய்விடும். பேட்டரியைக் கழற்றி, போர்டைப் பிரித்து, சுத்தம் செய்து, முழுசாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பது உப்பையும் எண்ணெய்யையும் எடுக்காது. வெள்ளநீர் புகுந்த எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்று நினைக்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்-க்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கி நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது.

உப்பிப்போன லேப்டாப் பேட்டரியை அழுத்துவதும், குத்துவதும் தீ விபத்தில் முடியும். இன்னொரு பக்கம், நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் சிப்பைக் கொல்லும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைவான நிலைமின்சாரத்தை மனிதர்களால் உணரவே முடியாது. சிப் பழுதாக அதைவிட மிகக் குறைவே போதும். அதனால்தான் மணிக்கட்டில் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை கட்டச் சொல்கிறார்கள்.

எந்தச் சான்றிதழ் செல்லும்? 3 வழிகள்

வழி 1: அரசு ஐ.டி.ஐ

மத்திய அரசின் பயிற்சி இயக்ககப் பட்டியலில் ஹார்டுவேர் சார்ந்து இரண்டு பிரிவுகள் முக்கியம். ஒன்று, கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ். இது 1 ஆண்டு. மற்றொன்று, இன்பர்மேஷன் கம்யூனிகேஷன் டெக்னாலஜி சிஸ்டம் மெயின்டனன்ஸ். இது 2 ஆண்டு. இரண்டுக்கும் 10-ம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். தேறியவர்களுக்கு தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலை, அப்ரென்டிஸ் பயிற்சி இரண்டுக்கும் இது செல்லும்.

கவனிக்க வேண்டியது: "கோபா" என்ற பிரிவு கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்கானது. பெயரில் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று அதில் சேர்ந்துவிட்டு, "ஹார்டுவேர் சொல்லித் தரலையே" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எல்லா ஐ.டி.ஐ-யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. வடசென்னை அரசு ஐ.டி.ஐ உட்பட எங்கே எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அந்த ஆண்டுக்கு வெளியிடும் சேர்க்கைப் பட்டியலில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ-யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு, மாணவிகள் என்றால் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்கள் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

வழி 2: குறுகியகாலப் பயிற்சி

எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கான திறன் கவுன்சிலின் "ஃபீல்டு டெக்னீஷியன் - கம்ப்யூட்டிங் அண்ட் பெரிஃபெரல்ஸ்" என்ற தகுதி, வீடு, அலுவலகம் தேடிப் போய் சர்வீஸ் செய்யும் வேலைக்கானது. மத்திய, மாநிலத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இது சேர்க்கப்படும்போது கட்டணம் இல்லாமல் படிக்கலாம். ஏற்கெனவே கடையில் வேலை செய்பவர்களுக்கும், 1 ஆண்டு உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கும் பொருத்தம்.

வழி 3: காம்டியா ஏ பிளஸ்

1993-ல் தொடங்கப்பட்ட சர்வதேசச் சான்றிதழ். பன்னாட்டு நிறுவனங்களின் ஐ.டி சப்போர்ட் வேலை, வெளிநாட்டு வேலை இவற்றுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும். குறிப்பிட்ட படிப்பு முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஓராண்டு கைவேலை அனுபவம் இருந்தால் நல்லது என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும்: 220-1201, 220-1202. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு, முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் தேர்ச்சி. முதல் தேர்வில் ஹார்டுவேர் 25 சதவீதம், பழுது கண்டுபிடித்தல் 28 சதவீதம், நெட்வொர்க் 23 சதவீதம். மீதி மொபைல் சாதனங்களும் கிளவுடும். இரண்டாவது தேர்வு முழுக்க ஆபரேட்டிங் சிஸ்டம், பாதுகாப்பு, சாப்ட்வேர் பழுது, வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை.

சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்வு தமிழில் இல்லை. இரண்டு தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம், அதுவும் டாலர் கணக்கில் என்பதால், அரைகுறைத் தயாரிப்போடு எழுதினால் நஷ்டம் கையைக் கடிக்கும். பழைய 220-1101, 220-1102 தேர்வுகள் 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. பழைய புத்தகக் கடையில் அந்த எண் போட்ட புத்தகம் கிடைத்தால், அடிப்படை கற்க உதவும். தேர்வுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

"100 சதவீதம் வேலை", "இன்டர்நேஷனல் சர்ட்டிபிகேட்" என்று போர்டு வைத்திருக்கும் பயிற்சி மையங்களில் சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்.

* சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்? மையமே அச்சடித்துக் கொடுப்பதா, தேர்வு நடத்தும் அமைப்பு தருவதா?
* அந்தச் சான்றிதழை ஆன்லைனில் சரிபார்க்க எண் உண்டா? ஏ பிளஸுக்கும் தேசியத் தொழிற்சான்றிதழுக்கும் அந்த வசதி இருக்கிறது.
* சொல்லும் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் அடக்கமா, தனியா? பல வீடுகளில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.
* வாரத்தில் எத்தனை மணி நேரம் கை வைத்துப் பழகலாம்? ஒரு மெஷினைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது.

பதிலை வாயால் வாங்காமல், ரசீதோடு எழுத்தில் வாங்குவது நல்லது.

செலவில்லாமல் எங்கிருந்து தொடங்கலாம்?

ஐ.டி.ஐ பாடப் புத்தகங்களைத் தயாரிக்கும் தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடத்திட்டத்தையும் கேள்வி வங்கியையும் இலவசமாகப் பார்க்கலாம்.

கைப்பழக்கத்துக்கு ஓடாத பழைய சிஸ்டம் ஒன்று போதும். அதை முழுசாகப் பிரித்து, போட்டோ எடுத்து, திரும்பப் பூட்டிப் பழகலாம். உதிரி பாகம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்விடலாம். தொடக்கத்தில் வாங்க வேண்டியவை: நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை, பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பூட்டபிள் பென்டிரைவ். ஹாட் ஏர் மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சொந்தக் கடை வைக்க நினைத்தால்?

குறைந்தது ஓராண்டாவது ஒரு சர்வீஸ் சென்டரிலோ, அனுபவசாலியின் கடையிலோ வேலை பார்ப்பது நல்லது. எந்த பாகத்துக்கு எவ்வளவு நாள் வாரன்டி கொடுக்கலாம், யாருக்குக் கடன் சொல்லலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். பிறகு உதயம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் ரூ.50,000 வரை கடன் கேட்கலாம்.

கடை வைத்த பின் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, வாடிக்கையாளரின் போட்டோ, ஃபைல்களைத் தேவையில்லாமல் திறக்கவே கூடாது. ஃபார்மேட் செய்யும் முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இரண்டு, பழைய போர்டுகளை எரிப்பதோ, காயலான் கடைக்குப் போடுவதோ கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே புகையும் தூசும் சூழ்ந்த வடசென்னையில், ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சில்தான் போய் முடியும்.

சுருக்கமாக...

காசு இல்லை, நேரம் இருக்கிறது என்றால் அரசு ஐ.டி.ஐ. வேலையில் இருந்துகொண்டே தகுதி வேண்டும் என்றால் குறுகியகாலப் பயிற்சி. ஓரளவு அனுபவமும் ஆங்கிலமும் கைவந்த பிறகு, பெரிய நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்றால் ஏ பிளஸ். சான்றிதழ் இன்டர்வியூ வரை அழைத்துப் போகும். அதற்கு அப்புறம், எடைமேடை முன்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, பதறாமல் மல்டிமீட்டரை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் வேலை நிலைக்கும்.